முதலில் மைக்குகளை எண்ணுங்கள்

இணையக் கடையில் ‘சவுண்ட் கார்டு’ என்று தேடினால் மூன்று வகைப் பொருள்கள் கலந்து வரும். ஒன்று, கணினியைத் திறந்து உள்ளே செருகுகிற அட்டை. இன்னொன்று, கைதட்டல், சிரிப்பு, எதிரொலி என்று வரிசையாகப் பொத்தான்களும் வண்ண விளக்குகளும் வைத்த பெட்டி. மூன்றாவது, முன்பக்கம் இரண்டு பெரிய துளையும் இரண்டு குமிழும் மட்டும் கொண்ட, ஆடம்பரம் இல்லாத சிறிய பெட்டி. வீட்டில் பாட்டையோ வாத்தியத்தையோ பதிவுசெய்ய நினைப்பவருக்கு உரியது இந்த மூன்றாவதுதான். இதன் பெயர் ஆடியோ இன்டர்ஃபேஸ். புழக்கத்தில் வெறும் இன்டர்ஃபேஸ்.

மற்ற இரண்டும் மோசமான பொருள்கள் அல்ல. வேறு வேலைக்காகச் செய்யப்பட்டவை. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையைக் கொண்டுவந்தபோது, கணினிகள் பலவும் அதுவரை ‘பீப்’ என்று மட்டுமே கத்திக்கொண்டிருந்தன. விளையாட்டுகளுக்கு இசையும் வெடிச்சத்தமும் கொடுப்பதுதான் அந்த அட்டையின் வேலை. ஒலி வெளியே போகும் பாதையில் வைத்த அக்கறை, உள்ளே வரும் பாதையில் வைக்கப்படவில்லை. இன்றைய மடிக்கணினியின் மைக் துளை வரை அந்த மரபு தொடர்கிறது. பொத்தான் பெட்டியோ நேரலையில் பாடுகிறவர்களுக்கானது. அதில் போட்ட எதிரொலி குரலோடு சேர்ந்தே பதிவாகிவிடும், பிறகு பிரித்தெடுக்க முடியாது.

பல ஆண்டுகளுக்கு முன் என் அம்மா பாடிய தாலாட்டை மடிக்கணினியின் மைக் துளை வழியாகத்தான் பதிவுசெய்தேன். அன்று கேட்டபோது நன்றாகவே இருந்ததாக நினைவு. பின்னாளில் குரல் சரியாகக் கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டினால், குரலோடு ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் சேர்ந்து ஏறியது. இன்று அவர் குரலில் என்னிடம் இருப்பது அந்த ஒரு பதிவுதான். இதை எழுதக் காரணமும் அதுவே.

அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது? மைக்கிலிருந்து கிளம்பும் மின்சாரம் மிகச் சிறியது. மேடைகளில் பார்க்கும் ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கில் வாய் வைத்துப் பாடினாலும் சில மில்லிவோல்ட்தான் கிடைக்கும். அதைப் பல நூறு மடங்கு பெருக்கித்தான் பதிவு செய்யவேண்டும். பெருக்கும் இடம் கணினிக்குள்ளேயே இருந்தால், பக்கத்தில் ஓடும் மின்விசிறி, மின்வழங்கி, செயலி எல்லாவற்றின் மின்சலசலப்பும் கூடவே பெருகும். இன்டர்ஃபேஸ் இந்த வேலையைக் கணினிக்கு வெளியே, தனிப் பெட்டிக்குள் செய்கிறது. உள்ளே மைக் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப் இருக்கிறது. பெருக்கியதை எண்களாக்கும் சுற்று இருக்கிறது. கணினி திருப்பி அனுப்பும் எண்களை மீண்டும் ஒலியாக்கி ஹெட்போனுக்குத் தருவதும் அதன் பொறுப்பு.

இப்போது எதை வாங்குவது என்ற கேள்வி. கடைக்காரர் முதலில் காட்டுவது பெட்டியின் மேலே அச்சிட்ட 192 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்ணை. அதைப் பார்க்கும் முன், உங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் எத்தனை மைக் திறந்திருக்கப் போகிறது என்று எண்ணுங்கள். பின்னால் மாற்ற முடியாத முடிவு இது ஒன்றுதான்.

சுருதிப்பெட்டியைக் காதில் கேட்டுக்கொண்டு தனியாகப் பாடுகிறவருக்கு ஒரு மைக் போதும். வீணையை வாசித்துக்கொண்டே பாடுகிறவருக்கு இரண்டு. பாட்டு, வயலின், மிருதங்கம் என்று வந்துவிட்டால் நான்கு. ஏனெனில் மிருதங்கத்தின் வலந்தலையும் தொப்பியும் இரு வேறு குரல்கள், இரண்டுக்கும் தனித்தனி மைக் வைத்தால்தான் பிறகு அளவு சரிசெய்ய முடியும். இரண்டு மைக் பெட்டியை வைத்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகப் பதிவுசெய்து கோக்கலாமே என்று கேட்பார்கள். சினிமாப் பாட்டுக்கு அது சரி. அங்கே வழக்கமே அப்படித்தான். கச்சேரி இசைக்கு அது ஒவ்வாது என்பது என் உறுதியான எண்ணம். பாடகர் ஒரு சங்கதியை நீட்டுவதைக் கண்ணால் பார்த்து மிருதங்கக்காரர் கையை அடக்குகிறார். அந்தக் கொடுக்கல் வாங்கல், நேற்றுப் பதிவான குரலுக்கு இன்று வாசிக்கும்போது வராது. சேர்ந்து வாசிக்கும் குடும்பமாக இருந்தால் நான்கு மைக் பெட்டிக்குச் சேமியுங்கள்.

எண்ணும்போது ஒரு எச்சரிக்கை. பெட்டியின் பெயரில் இருக்கும் எண் மைக்குகளின் எண்ணிக்கை அல்ல. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் வரிசையில் 2ஐ2 என்றால் இரண்டு உள்ளே, இரண்டு வெளியே; அதில் இரண்டு மைக் போடலாம். 4ஐ4 என்பதிலும் இரண்டு மைக்தான். மற்ற இரண்டும் கீபோர்டு போன்றவற்றுக்கான லைன் துளைகள். 18ஐ20இல் மைக் ப்ரீஆம்ப் எட்டு, மீதி டிஜிட்டல் வழிகள். ஆகவே விவரக்குறிப்பில் ‘மைக் ப்ரீஆம்ப்’ எத்தனை என்று போட்டிருக்கிறதோ அதை மட்டும் பாருங்கள்.

சிறிய பெட்டி இரண்டை வாங்கி ஒரே கணினியில் செருகிச் சமாளிக்கலாம் என்ற யோசனையும் வரும். வேண்டாம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு படிகக் கடிகாரம் ஓடுகிறது, இரண்டு கடிகாரங்கள் துல்லியமாக ஒத்துப்போவதில்லை. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே, ஒரு மணி நேரப் பதிவின் முடிவில் வயலினும் மிருதங்கமும் 72 மில்லிநொடி விலகி நிற்கும். தாளம் பிசகியது காதில் விழும் அளவு அது. இரண்டு யுஎஸ்பி மைக் வாங்குகிறவர்களுக்கும் இதே சிக்கல். தனியாகப் பாடவோ பேசவோ ஒரு யுஎஸ்பி மைக் நல்ல, மலிவான தீர்வு. இரண்டாவது ஆள் வந்ததும் அது முட்டுச்சந்து.

எண்ணிக்கை முடிந்தால் அடுத்தது மைக்கின் வகை. மெல்லிய ஒலியை நுணுக்கமாக எடுக்கும் கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் கேபிள் வழியாகவே போகவேண்டும். ஃபான்டம் பவர் என்று இதற்குப் பெயர். அந்தப் பொத்தான் இல்லாத பெட்டியை வாங்காதீர்கள். டைனமிக் மைக்குக்கு இது தேவையில்லை, ஆனால் அதற்கு வேறு பசி: கெயின், அதாவது ஒலியைப் பெருக்கும் அளவு. ஷூர் எஸ்எம்7பி என்ற புகழ்பெற்ற மைக் சுமார் 60 டெசிபெல் கெயின் கேட்கிறது. ஸ்கார்லெட் நான்காம் தலைமுறையில் சோலோ பெட்டி தருவது 57 டெசிபெல், 2ஐ2 தருவது 69. மெதுவாகப் பாடுகிறவர் அந்த மைக்கை சோலோவில் செருகினால் குமிழை முழுக்கத் திருப்பியும் ஒலி போதாமல் திணறுவார். அதே பெட்டியில் ஒரு கண்டென்சர் மைக் பாதிக் குமிழிலேயே நிறைந்துவிடும். மைக்கையும் பெட்டியையும் ஜோடியாகத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும்.

நாகசுரம், தவில் வீடுகளில் கணக்கு தலைகீழ். அங்கே கெயின் பற்றாது என்ற கவலையே இல்லை. குமிழை முழுக்கக் குறைத்தும் சிவப்பு விளக்கு எரிகிறதா என்பதுதான் கேள்வி. உள்ளே வரும் ஒலியைக் குறைக்கும் ‘பேட்’ பொத்தான் உள்ள பெட்டி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் டைனமிக் மைக்கைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

வீணை, வயலின், மாண்டலின் மேல் ஒட்டும் கான்டாக்ட் மைக்கை இங்கே தனியாகச் சொல்லவேண்டும், நிறையப் பேர் ஏமாறும் இடம் இது. அவற்றில் பல பீசோ வகை. பீசோவை மைக் துளையில் நேராகச் செருகினால் அந்தத் துளையின் குறைந்த மின்தடை அதன் ஒலியை உறிஞ்சிவிடும். மந்தர ஸ்தாயி காணாமல் போய் வீணை தகரம்போல் கேட்கும். மைக்கைக் குறை சொல்வார்கள், பாவம் அது என்ன செய்யும்? இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்’ அல்லது ‘ஹை-இசட்’ (Hi-Z) என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் மின்தடை 10 லட்சம் ஓம் அளவுக்கு உயரும், மந்தரம் திரும்பி வரும். இதற்கு முனை பருத்த கிட்டார் கேபிள் வேண்டும். மூன்று ஊசி எக்ஸ்எல்ஆர் அல்ல.

அடுத்து, காதுக்கும் வாய்க்கும் இடையே வரும் தாமதம். நீங்கள் பாடியது பெட்டிக்குள் போய், கணினிக்குள் போய், திரும்பி ஹெட்போனில் வரச் சிறிது நேரம் ஆகிறது. கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாக எடுப்பதில்லை, வாளியில் பிடித்து மொத்தமாக எடுக்கிறது. அந்த வாளிதான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது ஒலியை நொடிக்கு 48,000 மாதிரிகளாக எடுக்கும்போது, 256 மாதிரி பஃபர் என்றால் போகும்போது 5.3 மில்லிநொடி, வரும்போது மீண்டும் அவ்வளவு. மற்ற தாமதங்களையும் சேர்த்தால் 12ஐத் தாண்டும். காற்றில் ஒலி ஒரு மில்லிநொடிக்கு 34 சென்டிமீட்டர் போகிறது. ஆக, நான்கு மீட்டர் தள்ளி நின்று யாரோ உங்கள் குரலில் பாடுவதுபோல் கேட்கும். கீபோர்டு வாசிக்கிறவர் பழகிவிடலாம். பாடுகிறவருக்குச் சொந்தக் குரல் எலும்பு வழியாக உடனேயும் ஹெட்போன் வழியாகத் தாமதமாகவும் வந்து மோதுவதால் சுருதியே தடுமாறும்.

இதற்கு எளிய மருந்து ‘டைரக்ட் மானிட்டர்’ என்ற பொத்தான். மைக் ஒலி கணினியைச் சுற்றாமல், பெட்டியிலிருந்தே நேராக உங்கள் காதுக்கு வரும். பாடுகிறவருக்கு இது கட்டாயம். கணினிக்குள் இருக்கும் வாத்தியங்களைக் கீபோர்டில் வாசிக்கிறவருக்கோ இது உதவாது. அந்த ஒலி பிறப்பதே கணினிக்குள். அவர் பஃபரைக் குறைத்தாகவேண்டும், அதற்குப் பெட்டியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவர் நன்றாக இருக்கவேண்டும். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த ‘ஏசியோ’ முறைதான் விண்டோஸில் இன்றும் வழி. பெட்டியைச் செய்த நிறுவனமே தன் ஏசியோ டிரைவரைத் தருகிறதா, உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு அது உண்டா என்று வாங்கும் முன் பாருங்கள். பழைய பெட்டிகள் பாதி விலையில் கிடைக்கும். டிரைவர் நின்றுபோயிருந்தால் அந்த மலிவு வீண். ஃபயர்வயர் பெட்டிகளை விட்டுவிடுங்கள், அதைச் செருகும் துளையே புதிய மடிக்கணினிகளில் இல்லை. மேக்கில் இந்தத் தொல்லை குறைவு.

இனி அந்த 192. மனிதக் காது எட்டும் உச்சம் சுமார் 20,000 ஹெர்ட்ஸ். அதைப் பிடிக்க நொடிக்கு 40,000க்குச் சற்று மேல் மாதிரிகள் போதும். 1982இல் வந்த சிடியின் 44,100 அப்படி அமைந்ததுதான். அந்த விசித்திர எண்ணுக்கு ஒரு கதை உண்டு: தொடக்கத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் சேமித்தார்கள், 294 கோடுகள், நொடிக்கு 50 முறை, கோட்டுக்கு மூன்று மாதிரி என்று பெருக்கினால் 44,100. காணொளிக்கு 48,000 வழக்கம். இந்த இரண்டையும் எல்லா இன்டர்ஃபேஸும் தரும். 192இல் பதிவுசெய்தால் கோப்பு நான்கு மடங்கு பெருக்கும், உங்கள் பாட்டு பெருக்காது.

பிட் எண்ணிக்கை அப்படியல்ல, அதில் பயன் உண்டு. ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபெல். 16 பிட் என்றால் 96, 24 பிட் என்றால் ஏட்டளவில் 144. நடைமுறையில் மின்சுற்றின் இரைச்சல் காரணமாக 110, 120இல் நின்றுவிடும், அதுவே ஏராளம். பயன் என்னவென்றால், 24 பிட்டில் பதிவுசெய்யும்போது ஒலியை விளிம்பு வரை நிரப்ப வேண்டியதில்லை. மீட்டரில் உச்சம் மைனஸ் 12 அருகே நிற்கும்படி வைத்துவிட்டு, திடீரென்று மேல்ஸ்தாயிக்குத் தாவும் குரலுக்கு இடம் விடலாம். விளிம்பில் உடைந்த ஒலியை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. யுஎஸ்பி-சி என்பதும் செருகியின் வடிவம் மட்டுமே; இரண்டு மைக்கின் ஒலி நொடிக்கு 2.3 மெகாபிட், பழைய யுஎஸ்பி 2.0 தாங்குவது 480.

பணத்தை முழுவதும் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். மைக், ஸ்டாண்டு, கேபிள், காதை முழுக்க மூடும் ஹெட்போன் எல்லாவற்றுக்கும் பங்கு வேண்டும். ஹெட்போன் மூடவில்லையென்றால் சுருதியும் தாளமும் கசிந்து மைக்கில் ஏறும். இன்றைய நடுத்தர விலைப் பெட்டிகளுக்கு இடையே உள்ள ஒலி வித்தியாசத்தைவிட, மேலே சுற்றும் மின்விசிறியை நிறுத்துவதால் வரும் வித்தியாசம் பெரிது.

பெட்டி வீட்டுக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒன்று செய்யுங்கள். நீங்கள் பாடும் அளவுக்கே கெயினை வைத்து, மைக்கைத் திறந்து, யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிவுசெய்யுங்கள். ஹெட்போனில் ஒலியைக் கூட்டிக் கேளுங்கள். ‘ம்ம்’ என்ற தாழ்ந்த ரீங்காரம் இருந்தால் அது பெரும்பாலும் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் மறுபடி பதிவுசெய்யுங்கள். ரீங்காரம் நின்றுவிட்டால் பெட்டியில் குறையில்லை, பிளக் பாயின்டின் எர்த்தைப் பார்க்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் கேட்டால் மைக்கைக் கழற்றிவிட்டு, அதே கெயினில் வெறும் பெட்டியைப் பதிவுசெய்யுங்கள். அப்போதும் இரைச்சல் அதே அளவில் இருந்தால் அது பெட்டியின் ப்ரீஆம்பிலிருந்தே வருகிறது, மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டும் இல்லாமல், தெருவில் போகும் சைக்கிள் மணியும் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் தெளிவாகக் கேட்டால், வீட்டில் பாடத் தெரிந்த பெரியவரை அழைத்து உட்காரவைத்துப் பதிவைத் தொடங்கிவிடுங்கள்.