'நான் யார்?': மதுரை மாடியறையில் கிளம்பிய கேள்வி

மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் சொக்கப்ப நாயக்கன் தெரு. 1896 ஜூலையில், அங்கே சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்த 16 வயது வேங்கடராமனுக்குத் திடீர்னு மரண பயம். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. பையன் டாக்டரைத் தேடலை. பிணம் மாதிரி விறைத்துப் படுத்து, உடம்பு போனால் 'நான்' போயிடுமான்னு உள்ளுக்குள் கவனித்தான். ஆறே வாரத்தில் திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிட்டான். அவர்தான் ரமணர்.

1902-ல் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்டபோது, மௌனத்தில் இருந்தவர் பதில்களை எழுதிக் காட்டினார். அதுதான் 'நான் யார்?' நூல்.

மேனேஜர் மெயிலைப் பார்த்துக் கோபம் வருதா? 'இது யாருக்கு?' எனக்கு. 'அந்த நான் யார்?' இங்கேதான் பலர் சறுக்குறாங்க. பெயர், வேலை, ஊர்னு பதில் சொல்லிடுறாங்க. மந்திரமா முணுமுணுத்தாலும் பயனில்லை. 'நான்' என்ற எண்ணம் எங்கிருந்து கிளம்புதுன்னு பார்க்கணும். தேடத் தேட அது நழுவும் என்கிறார் ரமணர்.

அந்த வீடு இப்போது ரமண மந்திரம்.