சான்றோரை நினைவிற் காத்தல்

பெரியோர் வரலாற்றை எழுதிவைத்தல் ஈழத்தவர்க்குப் புதியதன்று. புத்தளத்துச் சைமன் காசிச் செட்டி 1859 இல் ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் நூலை ஆங்கிலத்திலும், ஆணல்ட் சதாசிவம்பிள்ளை 1886 இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ என்னும் நூலைத் தமிழிலும் வெளியிட்டனர். அவை புலவர்க்கு உரியன. விளையாட்டு வீரர்க்கும் நடிகர்க்கும் அத்தகைய தொகுப்புகள் அரியன. இம்மூவகையாரும் விட்டுச்செல்லும் பொருள் வெவ்வேறாதலின், அவரை நினைவிற் காக்கும் முறையும் வேறுபடும்.

கல்வியாளர் விட்டுச்செல்வது நூல். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) சிதைந்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கிக் கலித்தொகையை 1887 இல் அச்சேற்றினார். அவர் மறைந்து ஒரு நூற்றாண்டு கடந்தும் அப்பதிப்பு அவர் உழைப்பைக் கூறிநிற்கின்றது. ஆயினும் நூலும் அழிவுக்கு உட்பட்டதே. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. வேறு படியில்லாதன மீளா.

விளையாட்டு வீரர் விட்டுச்செல்வது அளவு. 1958 இல் தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் நா. எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டி, அவ்விழாவில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டினார். இவ்வெண் என்றும் நிற்கும். ஆயின் ஒரு வீரரைப் பயிற்றியவர் யார், தோல்வியுற்ற நாளில் அவர் எவ்வாறு நடந்துகொண்டார் என்பவற்றை எண் உரைக்கமாட்டாது. அதனை உடன் பயின்றோரே உரைத்தல் வேண்டும்.

நடிகர் விட்டுச்செல்வதோ கண்டோர் நெஞ்சிற் பதிந்த காட்சி. காங்கேசன்துறை தந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) ‘மயான காண்டம்’ இசை நாடகத்தில் அரிச்சந்திரனாகத் தோன்றிப் பெரும்புகழ் பெற்றார். ஒலிப்பதிவு குரலைக் காக்கும். மேடையில் அவர் நின்ற நிலையையும், அவையோர் கண்கலங்கி வீற்றிருந்த இரவையும் அது காவாது. அவ்விரவுகளைக் கண்டவர் தொகை ஆண்டுதோறும் குறைகின்றது. அவர்கள் எழுதாது மறைவாராயின், எரியாமலே ஒரு நூலகம் அழிந்ததாகும்.

ஆதலின் பழைய மாணவர்காள், புகழுரை வேறு, வரலாறு வேறு என்பதை உளங்கொள்ளுங்கள். “ஒப்பாரும் மிக்காரும் இல்லாதவர்” என்பது எவர்க்கும் பொருந்தும். ஆதலால் எவரையும் காட்டாது. பிறந்த ஊர், கற்பித்த ஆசிரியர், நிகழ்ந்த ஆண்டு, தாம் நேரிற் கண்ட ஒரு நிகழ்ச்சி என்னும் இந்நான்கும் ஒரு பக்கத்தில் அடங்கும். ஐயமுற்றதை மூத்தோரிடம் வினவித் தெளிந்து எழுதுங்கள். எழுதியதற்கு இரண்டு படிகள் எடுத்து, ஒன்றைக் கல்லூரி நூலகத்திலும் மற்றொன்றை வேறோரிடத்திலும் வையுங்கள்.

மாணவர்காள், உங்கள் பாட்டனார் கண்ட நாடகத்தையும் ஆட்டத்தையும் இன்றே கேட்டறியுங்கள். நாளை கேட்கலாம் என்று இருந்து இழந்தவை நமக்குப் போதும்.