பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிள்

வேல்ஸ் நாட்டின் தலைநகர் கார்டிஃபில் 2001-இல் முதன்முறையாக 'ஸ்பீட்வே கிராண்ட் பிரீ' பந்தயம் நடந்தது. ரக்பி ஆடும் அரங்கினுள் லாரி லாரியாக மண் கொட்டி ஓடுபாதை அமைத்தார்கள். ஓர் ஓட்டத்தில் நான்கு வீரர்கள், நான்கு சுற்றுகள். பார்க்கப் போகும் நாம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். ஏறத்தாழ ஒரு நிமிடந்தான்!

இவ்வண்டிகளுக்குப் பிரேக்கே கிடையாது. கேட்டதும் நமக்குப் பகீர் என்கிறதல்லவா? ஆனால் இதுவே பாதுகாப்பாம். முன்னே செல்பவர் திடீரென்று பிரேக் போட்டால், நெருங்கி வருபவர் அவர்மேல் மோதி உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஆகவே வளைவில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு, இரும்புத் தகடு மாட்டிய இடது காலைத் தரையில் உரசியபடி திருப்புகிறார்கள். அந்தச் சறுக்கலே வேகத்தையும் குறைக்கிறது. அரங்கின் கூரையை மூடிவிட்டால் சத்தம் காதைப் பிளக்கும்.

முதலில் வருபவருக்கு 3 புள்ளிகள், அடுத்தவர்களுக்கு 2, 1. நான்காமவருக்குப் பூஜ்யம். நம் வகுப்பில்கூட நான்காம் இடத்துக்கு இவ்வளவு கொடுமை கிடையாது!