படையும் பொதிமாடும்

சேனைகளின் வேகத்தைப் புகழ்கிற சரித்திரம், அந்த வேகத்தின் பின்னால் மூச்சிரைக்க நடந்த பொதிமாடுகளைப் பற்றியும் நாலு வரி எழுதியிருக்குமானால், கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் 1781-ஆம் ஆண்டு நடந்தவற்றின் தாத்பரியம் நமக்கு இன்னும் நன்றாக விளங்கியிருக்கும்.

1780 ஜூலையில் கர்நாடகச் சீமையில் இறங்கிய மைசூர் அதிபதி ஹைதர் அலி, பகைவரான ஆங்கிலக் கும்பெனியாருக்கு நெல்லும் மாடும் அகப்படலாகாதென்று சென்னையைச் சுற்றியிருந்த கிராமங்களைப் பாழாக்கினான். மறு ஜனவரியில் சென்னையிலிருந்து புறப்பட்ட கும்பெனிப் படைத்தலைவன் ஜெனரல் அயர் கூட், வந்தவாசியின் முற்றுகையை விலக்கிப் புதுச்சேரி வரை விரைந்து வந்தான். வந்த இடத்திலோ, கடலில் பிரெஞ்சுக் கப்பல்கள் தோன்றின, தரையில் ஹைதர் வழியை மறித்தான். கடலூருக்குள் ஒதுங்கிய சேனைக்குச் சென்னையிலிருந்து கப்பலில் வரும் அரிசியே பிராணனாயிற்று. ஹைதர் வேண்டியும் தங்காமல், பிரெஞ்சுத் தளபதி தோர்வ் பிப்ரவரி 15-ஆம் தேதி பாய்விரித்துப் போய்விட்டதனால்தான் அந்தப் பிராணன் நிலைத்தது.

ஜூன் 18-ஆம் தேதி, அரணாக்கப்பட்டிருந்த சிதம்பரம் கோயிலைத் தாக்கிய கூட், தோற்றுப் பரங்கிப்பேட்டைக்குத் திரும்பினான். அச்சமயம் சிதம்பரத்தைக் காக்க ஹைதர் நூறு மைலை இரண்டரை நாளில் கடந்தான் என்றும், பீரங்கிகளை இழுத்த அமிருத மஹால் என்னும் மைசூர் இன மாடுகளாலேயே அது கைகூடியது என்றும் மைசூர்க் குறிப்புகள் பெருமை பேசுகின்றன. கூட்டிடம் அத்தகைய மாடுகள் இல்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு சேர் என்று வைத்தாலும், ஏறக்குறைய 8,500 பேருக்கு 8,500 சேர் அரிசி வேண்டும்; அதைச் சுமக்கும் மாட்டுக்கோ வைக்கோலும் தண்ணீரும் வேண்டும். ஆகவே ஜூலை 1-ஆம் தேதி பரங்கிப்பேட்டை யுத்தத்தில் மூட்டை முடிச்சுகளைக் கடலோரமாக ஒதுக்கிக் காவல் வைத்துவிட்டே அவன் போரிட்டான். ஜயித்தான், ஆயினும் வண்டிமாடும் தானியமும் குதிரைப்படையும் போதாமையால், பின்வாங்கிய ஹைதரைத் துரத்த இயலவில்லை.

இரண்டாண்டு கழித்து இதே கடலூரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியை முற்றுகையிட்ட ஜெனரல் ஸ்டூவர்ட்டுக்கும் அதே சங்கடம். 1783 ஜூன் 20-ஆம் தேதி கடற்போருக்குப்பின் ஆங்கிலக் கப்பல்கள் சென்னைக்குத் திரும்பிவிடவே, முற்றுகையிட்டவனே முற்றுகைப்பட்டவன் போலானான். சமாதானச் செய்தி வந்து அவனைக் காத்தது. 1812-இல் மாஸ்கோவை எட்டிய நெப்போலியனும், 1942-இல் எல் அலமெய்ன் வரை பாய்ந்த ரோமலும் கற்றது இதே பாடந்தான்: முன்னேறும் ஒவ்வொரு காதமும், பின்னால் காக்கவேண்டிய வழியில் ஒரு காதத்தைக் கூட்டுகிறது.

அந்த வழி அறுந்தால் தளபதிக்குக் கிடைப்பது அபகீர்த்தி; குடியானவனுக்கோ பட்டினி. ஹைதர் எரித்ததும் கும்பெனியார் பறித்ததும் அவனுடைய நெல்லே. 1782-இல் பஞ்சத்தால் சென்னைக்கு ஓடிவந்த ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்கத் தோன்றியதே மணியக்காரர் சத்திரம். பிற்காலத்து ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் பூர்வீகமும் அதுவே. யுத்த சரித்திரம் எழுதுவோர் பரங்கிப்பேட்டை வெற்றியோடு அந்தக் கஞ்சியையும் ஒரே கணக்கில் எழுதுவதே நியாயம்.