லண்டனை "அழித்த" பாதிரியார்!
ரேடியோவால் வந்த விபரீதம்

1926-ம் ஆண்டு, ஜனவரி 16-ந் தேதி. சனிக்கிழமை இரவு.

பிரிட்டனில் நல்ல பனிக்காலம். வெளியே நடமாட முடியாத குளிர். மக்கள் வீட்டுக்குள் கணப்பு அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரேடியோ அப்போது புதுசு. பி.பி.சி. தொடங்கி 3 ஆண்டுதான் ஆகியிருந்தது. ரேடியோ வைத்துக்கொள்ள ஆண்டுக்கு 10 ஷில்லிங் லைசென்ஸ் கட்டணம். பல வீடுகளில் இருந்தது சிறிய "கிரிஸ்டல்" பெட்டிதான். காதில் கருவியை மாட்டிக்கொண்டுதான் அதைக் கேட்க முடியும்.

ஒரு பேராசிரியர், 18-ம் நூற்றாண்டு இலக்கியம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தூக்கம் வரும் பேச்சு!

திடீரென்று பேச்சு நின்றது. செய்தி வந்தது.

"லண்டனில் கலகம்!"

மணிக்கூண்டு விழுந்தது!

வேலை இல்லாதவர்கள் பெரும் கூட்டமாகத் திரண்டுவிட்டார்கள். தேசிய ஓவியக் காட்சிசாலையைச் சூறையாடுகிறார்கள்.

இது முதல் செய்தி. பிறகு நடன இசை கேட்டது. இசை நின்றதும் அடுத்த செய்தி. மறுபடி இசை. மறுபடி செய்தி.

பார்லிமெண்டு கட்டிடத்தைப் பீரங்கியால் தாக்குகிறார்கள். "பிக் பென்" மணிக்கூண்டு தரையில் விழுந்துவிட்டது! போக்குவரத்து மந்திரியைப் பிடித்து, விளக்குக் கம்பத்தில் தூக்கில் போட்டுவிட்டார்கள்! சவாய் ஓட்டலை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள்!

வெடிச் சத்தமும் கேட்டது.

கேட்டவர்கள் நடுங்கிப்போனார்கள். லண்டனில் மகன் வேலை பார்க்கிறானே! மகள் இருக்கிறாளே! என்ன ஆனார்களோ?

டெலிபோன் அலறியது

பி.பி.சி. அலுவலகங்களிலும், பத்திரிகை அலுவலகங்களிலும் டெலிபோன் மணி ஓயாமல் அடித்தது. "லண்டன் இருக்கிறதா, இல்லையா?" என்று தவிப்போடு கேட்டார்கள்.

லண்டன் இருந்தது! பிக் பென் மணிக்கூண்டும் நின்ற இடத்திலேயே நின்றது. கலகமும் இல்லை, தூக்கும் இல்லை. அப்படி ஒரு மந்திரியே கிடையாது!

எல்லாம் கற்பனை. லண்டனிலிருந்து பல நூறு மைல் தள்ளி, ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோ ரேடியோ நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரே ஒருவர் செய்த வேலை!

அவர் பெயர் ரொனால்டு நாக்ஸ். கத்தோலிக்கப் பாதிரியார். வயது 37. பெரிய படிப்பாளி. துப்பறியும் கதைகளும் எழுதுவார். பிற்காலத்தில் பைபிளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் இவர்தான்.

ரேடியோ செய்தி வாசிப்பதைக் கேலி செய்து, சிரிக்கவைக்க நினைத்தார். நிகழ்ச்சி மொத்தம் 20 நிமிடம்தான்.

ஏன் நம்பினார்கள்?

இது வேடிக்கை நிகழ்ச்சி என்று முதலிலேயே அறிவித்தார்கள். ஆனால், நடுவில் ரேடியோவைத் திருப்பியவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

சிரிப்புக்கும் குறைவில்லை. "மந்திரியைத் தூக்கில் போட்டது விளக்குக் கம்பத்தில் அல்ல, டிராம் கம்பத்தில்" என்று ஒரு திருத்தம் வந்தது! கலகத்துக்குத் தலைவர் யார் தெரியுமா? நாடகக் கொட்டகையில் "கியூ" வரிசையை ஒழிக்கும் இயக்கத்தின் செயலாளர்! ரேடியோ நிலையத்துக்குள் நுழைந்த கலகக்காரர்கள், அமைதியாக உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறார்களாம்!

இதைக் கேட்டுமா நம்பினார்கள்?

நம்பினார்கள். காரணம் உண்டு. 1917-ல் ரஷியாவில் புரட்சி நடந்தது. ஜார் குடும்பமே அழிந்தது. பிரிட்டனில் அப்போது 10 லட்சம் பேருக்கு மேல் வேலை இல்லை. "இங்கும் புரட்சி வந்துவிடுமோ?" என்ற பயம் பலர் மனதில் இருந்தது. பயம் வந்தவன் காதில் சிரிப்பு விழுமா?

அந்த இரவே பி.பி.சி. விளக்கம் சொன்னது. "எல்லாம் கற்பனை. லண்டன் பத்திரமாக இருக்கிறது" என்று அறிவித்தது. ஆனால் ரேடியோவை மூடிவிட்டவர்களுக்கு அது எட்டவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பத்திரிகை வந்தால் உண்மை தெரியும். பனி விடவில்லை! பாதைகளைப் பனி மூடியதால், பல கிராமங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. "லண்டன் அழிந்துவிட்டது. அதனால்தான் பத்திரிகை வரவில்லை" என்று நினைத்து, அங்கே இருந்தவர்கள் மேலும் கலங்கினார்கள்.

பத்திரிகைகள் பி.பி.சி.யைக் கண்டித்தன. பி.பி.சி. வருத்தம் தெரிவித்தது.

நாலே மாதத்தில்...

அதே ஆண்டு மே மாதம் பிரிட்டனில் உண்மையாகவே பொது வேலைநிறுத்தம் வந்தது. ரெயில் இல்லை. பத்திரிகைகளும் பெரும்பாலும் நின்றுவிட்டன. அந்த 9 நாளும், "என்ன நடக்கிறது?" என்று தெரிந்துகொள்ள மக்கள் தேடி ஓடியது ரேடியோவிடம்தான்! பி.பி.சி. தினமும் 5 தடவை செய்தி சொன்னது.

12 ஆண்டு கழித்து, 1938-ல், அமெரிக்காவில் ஆர்சன் வெல்ஸ் என்ற நடிகர், "செவ்வாய்க் கிரக வாசிகள் வந்துவிட்டார்கள்" என்று ரேடியோவில் நாடகம் போட்டார். செய்தி வாசிப்பது போலவே நடித்தார். அங்கும் பலர் நம்பிக் கலங்கினார்கள். உலகம் அவரைத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

ஆனால், அவருக்கு முன்பே 20 நிமிடத்தில் லண்டனை "அழித்தவர்" நாக்ஸ் பாதிரியார். அவர் 1957-ல் காலமானார்.

பாதிரியார் ஏமாற்ற நினைக்கவில்லை, சிரிக்கவைக்கவே நினைத்தார். ஆனால் கேட்டவர்கள் குரலை நம்பினார்கள். "ரேடியோ பொய் சொல்லாது" என்பது அவர்கள் எண்ணம்.

இன்று செய்தி வீட்டுக்குள் மட்டுமல்ல, சட்டைப் பைக்குள்ளேயே வருகிறது. அது எங்கிருந்து வருகிறது, யார் சொல்வது என்று ஒரு நிமிடம் விசாரித்துவிட்டு நம்புவது நல்லது!