பாலர் பள்ளி ஆசிரியையாவதற்கு வழி

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பெண் ஒருத்தி இருப்பாளாயின், சிறு குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் வேலைக்கு அவளை அனுப்பலாமே என்னும் யோசனை அவ்வீட்டில் எழாமற்போவது அரிது. அருகிலேயே ஏதேனும் ஒரு நர்ஸரிப் பள்ளி இருக்கின்றது. காலையிற் சென்றால் பிற்பகலில் வீடு திரும்பிவிடலாம். இவ்வெண்ணத்தின் பேரில், தெருமுனையில் விளம்பரப் பலகை மாட்டியிருக்கும் ஏதோவொரு பயிற்சி நிலையத்தில் பணம் கட்டிச் சேர்த்து விடுகின்றனர். ஓராண்டில் சான்றிதழும் கைக்கு வந்துவிடுகின்றது. பின்னொரு நாள் அரசுப் பள்ளி வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான், அச்சான்றிதழ் அங்கே செல்லாது என்பது தெரிய வருகின்றது. செலவழித்த பணத்தையாவது மீண்டும் ஈட்டலாம். கழிந்த ஆண்டு திரும்புவதில்லை. ஆகவே இத்தொழிலின் வாயில்கள் எவை, ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் இட்டுச் செல்லும் என்பதை இங்கே பார்ப்போம்.

இக்குழப்பத்துக்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள சிறாருக்கே உரியது. ஆறு வயது நிறையும் வரை குழந்தைகளைப் பேணவும் கல்வியளிக்கவும் அரசு முயலும் என்று, 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அரசியலமைப்பின் 45-ஆவது பிரிவு கூறுகின்றது. 'முயலும்' என்ற அச்சொல்லை எந்த மொழிபெயர்ப்பாளரும் 'அளிக்கும்' என்று மாற்றி எழுதிவிட முடியாது. இவ்வாறு இளங்குழந்தைகளின் கல்வி கட்டாயத்தின் எல்லைக்கு வெளியே நிற்பதால், தனியார் நர்ஸரிகள் பலவற்றில் ஆசிரியையின் தகுதியையோ சம்பளத்தையோ கண்டிப்பாக விசாரிப்பார் இல்லை.

எனினும் அளவுகோல் ஒன்று இருக்கின்றது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் வெளியிட்ட விதிகளின்படி, பாலர் வகுப்பு ஆசிரியைக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும், பாலர் கல்வியில் இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத பயிற்சியும் வேண்டும். வட மாநிலங்களில் 'என்.டி.டி.' என்று பேச்சு வழக்கிற் சொல்லப்படும் நர்ஸரிப் பயிற்சியும், 'டி.பி.எஸ்.இ.' என்னும் பாலர் கல்விப் பட்டயமும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஆனால் பெயரைக் கேட்டு மயங்குதல் கூடாது. ஒரே பெயரில் ஓராண்டுப் பயிற்சியும் நடக்கின்றது. ஈராண்டுப் பயிற்சியும் நடக்கின்றது. பயிற்சி எத்தனை ஆண்டு, இந்நிலையத்துக்குக் குழுமத்தின் அங்கீகார ஆணை உண்டா, அவ்வாணை இதே பயிற்சிக்கு உரியதா என்னும் மூன்று கேள்விகளையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். ஆணையின் நகலைக் காட்டத் தயங்கும் நிலையத்தை விட்டு அகலுவதே நலம் என்பது நம் கருத்து.

ஓராண்டுச் சான்றிதழ் முற்றிலும் வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. தனியார் பள்ளிகள் பல அதனை ஏற்கின்றன. மாண்டிசோரிப் பயிற்சியும் இத்தகையதே. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து தாமே ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். அன்று முதல் இந்நாட்டில் வேரூன்றிய அம்முறைக்கு, அம்முறைப்படி நடக்கும் பள்ளிகளில் நல்ல மதிப்பு இருக்கின்றது. அரசுப் பணிக்கு அது போதுமா என்பதைத் தனியே விசாரித்தறிய வேண்டும். பட்டம் பெற்றுப் பி.எட். முடித்தவர்கள் கீழ் வகுப்புகளுக்கும் தாமே தகுதியுடையோர் என்று எண்ணுவதுண்டு. ஆனால் தொடக்க வகுப்பு ஆசிரியர் பணிக்குப் பி.எட். தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது.

நான்காண்டு படிக்க வசதியுள்ளோர்க்குப் புதிய வழியொன்றும் திறந்திருக்கின்றது. பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் ஒன்றாக இணைந்த இப்படிப்பு, 2023-24 கல்வியாண்டில் தேர்ந்தெடுத்த சில நிறுவனங்களில் தொடங்கியது. மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள அடிப்படைப் பருவத்துக்கென்றே அதில் ஒரு பிரிவு வகுக்கப்பட்டிருக்கின்றது. நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம்.

நல்ல பயிற்சி எதைக் கற்பிக்கின்றது? மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்து எழுத்தை வரையச் செய்வதை அன்று. களிமண் பிசைதல், மணி கோத்தல், காகிதம் கிழித்தல் முதலியவற்றால் விரல்கள் வலுப்பெற்ற பின்னரே எழுத்துக்குக் காலம் வருகின்றது. கதையும் பாட்டும் விளையாட்டுமே அப்பருவத்துப் பாடங்கள். 2022-இல் வெளியான அடிப்படைப் பருவப் பாடத்திட்டச் சட்டகமும் விளையாட்டு வழிக் கல்வியையே வற்புறுத்துகின்றது. 'நோட்டில் ஒன்றும் எழுதவில்லையே' என்று குறைகூறும் பெற்றோருக்கு விடை சொல்லத் தெரிவதும் இவ்வாசிரியையின் தொழில் திறமைகளில் ஒன்றாகும்.

இனி அங்கன்வாடிக்கு வருவோம். 'ஆங்கன்' என்றால் முற்றம். இன்றைய மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் உள்ள போர்டியில் 1945-இல் பணி தொடங்கிய தாராபாய் மோடக் அம்மையாரும் அவர்தம் துணைவர் அனுதாய் வாக் அம்மையாரும், பள்ளிக்கு வராத பழங்குடிக் குழந்தைகளைத் தேடி அவர்கள் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டு சென்றனர். அப்பெயரையே 1975 அக்டோபர் 2-இல் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும் ஏற்றது. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 இலட்சம் மையங்கள் இருக்கின்றன.

அங்கன்வாடிப் பணியாளருக்கு அளிக்கப்படுவது சம்பளம் அன்று, மதிப்பூதியம். மத்திய அரசு அதனை 2018 அக்டோபர் முதல் மாதம் 4,500 ரூபாயாக உயர்த்தியது. மாநிலங்கள் தத்தம் பங்கைக் கூட்டித் தருகின்றன. உணவு வழங்குதல், எடை பார்த்தல், பதிவேடு எழுதுதல் ஆகிய எல்லாப் பொறுப்பையும் சுமப்பவருக்கு இத்தொகை போதாது என்பதை யாரும் மறுக்க இயலாது. அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது ஓரளவு ஆறுதல். மேலே செல்லும் படியும் இருக்கின்றது. ஐந்தாண்டு அனுபவமுள்ள பணியாளர்களைக் கொண்டு மேற்பார்வையாளர் பணியிடங்களிற் பாதியை நிரப்ப வேண்டும் என்பது மத்திய அரசின் இன்றைய வழிகாட்டு நெறி. பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பணியாளர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் பயிற்சியும், அதனினும் குறைந்த படிப்புடையோருக்கு ஓராண்டுப் பட்டயமும் அளிக்க 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வகை செய்கின்றது.

வெளிமாநிலத் தமிழர் கருத வேண்டிய செய்தி மற்றொன்று உண்டு. கட்டட வேலைக்கென்று வந்த தமிழ்த் தொழிலாளியின் குழந்தை, மூன்று வயதில் மையத்துக்குள் நுழைந்ததும் தாய் பேசும் மொழியில் ஒரு சொல்லும் காதில் விழாமல் திகைக்கின்றது. தமிழும் உள்ளூர் மொழியும் ஒருங்கே அறிந்த ஆசிரியை அங்கே பெற்றோருக்கும் பள்ளிக்கும் நடுவே பாலமாகின்றாள். மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளிற் பள்ளிகள் நடத்தி வருகின்றது. தில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் இருக்கின்றன. தமிழறிவுக்கு இவை இடமளிப்பவை.

ஆனால் தமிழறிவு மட்டும் போதாது. அங்கன்வாடிப் பணிக்கு அந்தந்த ஊர் அல்லது வட்டத்தில் வசிப்பவராக இருத்தல் வேண்டும். அடிக்கடி வீடு மாறும் குடும்பங்கள் வசிப்பிடச் சான்றை முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்வது நலம். அரசுப் பள்ளி விளம்பரங்கள் பலவற்றில், வட்டார மொழியைப் பத்தாம் வகுப்பு வரை பாடமாகப் படித்துத் தேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் காண்கிறோம். மதிப்பெண் குறையுமே என்றஞ்சி இந்தியையோ மராத்தியையோ ஒன்பதாம் வகுப்பில் கைவிடும் மாணவிகள் நம்மவரில் உண்டு. அவ்வாறு கைவிடுமுன், தங்கள் மாநிலத்தின் பழைய விளம்பரம் ஒன்றை வாங்கி மொழித்தகுதி பற்றிய பத்தியைப் படித்துப் பார்க்க வேண்டும்.