குறி தவறாத ஏவுகணையும் தவறான குறியும்

ஒரு நாள் மாலை மொட்டை மாடியில் நின்று தெருவைப் பாருங்கள். ஒருவர் பிளாஸ்டிக் கேன் ஒன்றைத் தூக்கிச் செல்கிறார். அவருடைய சட்டையின் நிறம் தெரிகிறது, நடை தெரிகிறது. ஆனால் கேனில் இருப்பது தண்ணீரா, மண்ணெண்ணெயா? உங்களால் சொல்ல முடியுமா? 2021-ஆம் ஆண்டில் ஆப்கானிஸ்தானின் தலைநகரான காபூலில் இத்தகைய கேள்வி ஒன்று பத்து உயிர்களைப் பறித்தது.

முதலில் கருவியைப் பற்றித் தெரிந்துகொள்வோம். ‘ரீப்பர்’ என்பது அமெரிக்க விமானப்படையின் ஆளில்லா விமானம். இறக்கைகளின் நீளம் முனைக்கு முனை சுமார் 20 மீட்டர். பல மணி நேரம் வானில் வட்டமிட வல்லது. இதில் சாதாரணக் கேமராவுடன், அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு வெப்பத்தைப் படமாக்கும் கேமராவும் உண்டு. படம் செயற்கைக்கோள் வழியே, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் தரையில் அமர்ந்திருக்கும் விமானியின் திரையை ஓரிரு வினாடிகளில் அடைகிறது. அவருடைய துணைவர் இலக்கின்மீது லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறார். அங்கிருந்து சிதறும் ஒளியை உணர்ந்து ‘ஹெல்ஃபயர்’ ஏவுகணை அவ்விடத்தையே தாக்குகிறது.

2021 ஆகஸ்ட் 26 அன்று காபூல் விமான நிலைய வாயிலில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் 13 அமெரிக்கப் படையினரும் சுமார் 170 ஆப்கானியரும் மாண்டனர். மீண்டும் தாக்குதல் வரும் என்ற அச்சம் சூழ்ந்திருந்தது. 29-ஆம் தேதி ஒரு வெள்ளைக் காரை அமெரிக்கப் படையினர் ஏறக்குறைய எட்டு மணி நேரம் வானிலிருந்து பின்தொடர்ந்தனர். அதில் ஏற்றப்பட்டவை வெடிபொருள்கள் என எண்ணினர். ஏவுகணை காரின்மீது துல்லியமாக விழுந்தது. இறந்த பத்துப் பேரும் அப்பாவிகள். அவர்களில் ஏழு பேர் குழந்தைகள். காரை ஓட்டியவர் ஓர் உதவி நிறுவனத்தின் ஊழியர். கேன்களில் இருந்தது தண்ணீர் என்று பத்திரிகையாளர்கள் கண்டறிந்தனர். செப்டம்பர் 17 அன்று அமெரிக்க ராணுவம் தன் தவற்றை ஒப்புக்கொண்டது.

கருவி பிழை செய்யவில்லை. பின் எங்கே பிழை? முன்கூட்டியே ஒரு முடிவுக்கு வந்துவிட்டால், காண்பதெல்லாம் அதற்குச் சான்றாகவே தோன்றும். ராணுவ விசாரணையும் இதை ஒரு காரணமாகக் கூறியது. சோதனைச்சாலையில் எதிர்பார்த்த விடைக்கு ஏற்றபடி நீங்களும் அளவைப் படித்ததுண்டு அல்லவா?

மறுபக்கத்தையும் பார்ப்போம். 2022 ஜூலை 31 அன்று அதே காபூலில் அல்-காய்தா தலைவர் ஜவாஹிரி ஆளில்லா விமானத் தாக்குதலில் கொல்லப்பட்டார். வேறு எவரும் இறக்கவில்லை என்று அமெரிக்கா அறிவித்தது. அவர் தங்கியிருந்த வீடு பல மாதங்கள் கண்காணிக்கப்பட்டிருந்தது. தம் வீரரை இழக்காமல், காத்திருந்து தாக்க முடிகிறது என்பதே இம்முறையை ஆதரிப்போரின் வாதம்.

ஆயினும், தலைவர் இறந்தால் பயங்கரவாதம் ஒழிந்துவிடுமா? பாகிஸ்தான் தாலிபான் தலைவர்கள் இருவர் 2009-லும் 2013-லும் இவ்வாறே கொல்லப்பட்டனர். 2014 டிசம்பரில் அதே அமைப்பு பெஷாவரில் ஒரு பள்ளியில் புகுந்து 130-க்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொன்றது.

போரிலும் பொதுமக்களைப் படைவீரரிடமிருந்து பிரித்தறிய வேண்டும் என்பது சர்வதேசச் சட்டம். ஆளில்லா விமானம் உருவத்தைக் காட்டும், வெப்பத்தைக் காட்டும், மனிதனின் எண்ணத்தைக் காட்டாது. அதை அறியாமல் பொத்தானை அழுத்துபவர், ஆயிரம் மைல்களுக்கு அப்பால் இருந்தாலும், பொறுப்பிலிருந்து விலகிவிட முடியாது.